இன்னும் அறுபத்தைந்து ஆகவில்லை

உட்காருங்கள் தம்பி. எனக்கு இடம் கொடுத்துவிட்டு நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் நான் அண்ணாந்து பேச வேண்டியிருக்கும், கழுத்து வலிக்கும். மூன்று பேர் சீட்டுதானே இது. தாயி, கொஞ்சம் நகர்ந்துக்கம்மா. ஆங், போதும். ஒல்லியான ஆள்தான், அடங்கிவிடுவார்.

நான் ஏறினதும் நிமிர்ந்து பார்த்தீர்கள், 'பெரியவரே உக்காருங்க' என்றீர்கள். பிறந்த தேதி கேட்டீர்களா? பாஸ்போர்ட்டை எடு என்றீர்களா? மூஞ்சியைப் பார்த்தீர்கள், எழுந்துவிட்டீர்கள். உங்களுக்குத் தெரிகிறது. கண்டக்டருக்குத் தெரிகிறது. ஜப்பான் தேசத்துக்கு மட்டும்தான் தெரிய மாட்டேன் என்கிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் போனில் பேசினது காதில் விழுந்துவிட்டது. மச்சினர் மகன் ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறான். அங்கே பென்ஷனில் சேரச் சொல்கிறார்கள். வெளிதேசத்துக்காரன் நமக்கு அது எதற்கு, சேரலாமா வேண்டாமா? அதுதானே? தஞ்சாவூரில் இத்தனை பஸ் நிற்கிறபோது இந்தப் பட்டுக்கோட்டை பஸ்ஸில், என் பக்கத்தில் நின்றுகொண்டு அதைப் பேசுகிறீர்கள். அந்த விஷயத்தில் நான் பழம் தின்று கொட்டை போட்டவன். கொட்டை போட்டாயிற்று. பழம்தான் இன்னும் கைக்கு வரவில்லை.

என் பெயர் பஞ்சாட்சரம். தோசை மாஸ்டர். பத்து வருஷம் ஜப்பானில் தோசை சுட்டேன். கடலோரம் ஒரு சின்ன ஊர். கடைக்கு மயில் என்று பெயர், முதலாளி நிஷிமுரா சான். சான் என்றால் நம் ஊர் 'ங்க' மாதிரி, மரியாதைக்குச் சேர்ப்பது. அந்த ஊரில் ஒரு தடவை புயல் அடித்து எங்கள் இட்லிக் குண்டானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் பக்கத்து ஊர்ப் போலீஸ்காரர் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். திறந்து பார்த்தால் இட்லி வெந்திருந்தது.

நம்பவில்லையா? சரி, குண்டான் பறந்தது நிஜம், போலீஸ்காரர் கொண்டுவந்தது நிஜம். வெந்தது மட்டும் நான் போட்டது. ஊரில் என்னைப் பொய்யன் என்பார்கள். பொய் இல்லை தம்பி. மாவு பொங்குகிற மாதிரிக் கொஞ்சம் பொங்கும், அவ்வளவுதான். மாவு எங்கேயிருந்தோ வரவில்லையே.

என்னோடு வந்தவன் வைரக்கண்ணு. குழம்பு, கூட்டு, பிரியாணி எல்லாம் அவன் கை. இரண்டு பேரும் ஒரே வருஷம் பிறந்தவர்கள், ஒரே பெஞ்சு, ஒரே கல்யாணச் சமையல் கோஷ்டி. மெட்ராஸில் ஒரு ஏஜென்ட் ஆபீசுக்குப் போனோம். 'வயசு?' என்றான். ஐம்பத்தைந்து என்றோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

"அம்பதுக்கு மேல எந்த ஓட்டல்காரனும் எடுக்க மாட்டான் பெரியவரே" என்றான்.

"அடுப்புக்கு வயசு தெரியாதுப்பா" என்றான் வைரக்கண்ணு.

ஏஜென்ட் எங்களை ஏற இறங்கப் பார்த்தான். கத்தரிக்காய்க் காம்பை நறுக்குகிற மாதிரி ஆளுக்குப் பத்து வருஷத்தை நறுக்கிவிட்டான். நாற்பத்தைந்து. சோம்பேறிப் பயல், இரண்டு பேருக்கும் ஒரே தேதியைப் போட்டுவிட்டான். அதுக்குத் தோதாய் ஒரு பள்ளிக்கூடச் சான்றிதழும் அவனே தயார் பண்ணிக் கொடுத்தான். தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு வைரக்கண்ணு கண்ணாடியைப் பார்த்தான். "டேய் பஞ்சு, இப்ப எனக்குக் கல்யாணத்துக்குப் பாத்தாகூடப் பொண்ணு குடுப்பாண்டா" என்றான். அஞ்சம்மா, அவன் பெண்சாதி, பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். "குடுத்தா கட்டிக்கங்க, நான் நிம்மதியா இருப்பேன்" என்றாள். அப்போதெல்லாம் அவள் என்னிடம் நன்றாகத்தான் பேசுவாள்.

ஜப்பானில் நாங்கள் இரட்டைப் பிள்ளைகள் ஆகிவிட்டோம். ஆனி மாசம் வந்தால் நிஷிமுரா சான் கேக் வாங்கி வருவார். முதல் வருஷம் நாற்பத்தாறு மெழுகுவத்தி. வைரக்கண்ணுவால் ஊதி அணைக்க முடியவில்லை, பாதியிலேயே இருமல். ஐம்பத்தாறு வயசு மூச்சு அது.

இனிமேல்தான் விஷயம். கேளுங்கள்.

அந்த ஊரில் இரட்டைப்படை மாசம், பதினைந்தாம் தேதி, கடை கொள்ளாது. கிழவன் கிழவியெல்லாம் துவைத்த சட்டை, மடிப்புக் கலையாமல் வருவார்கள். சாதாரண நாளில் ஒரு டீயை ஒரு மணி நேரம் குடிக்கிற கிழவி அன்றைக்கு மசால் தோசையும் மாம்பழ லஸ்ஸியும் கேட்பாள். என்ன விசேஷம் என்று முதலாளியைக் கேட்டேன். 'நென்கின்' என்றார். பென்ஷன் வருகிற நாள். தம்பி, எத்தனை கல்யாண வீட்டில் சமைத்திருக்கிறேன். வயசானவர்கள் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல், வேண்டியதைக் கேட்டுச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கே எனக்கு ஆசை விழுந்துவிட்டது.

உங்கள் மச்சினர் மகன் கம்பெனி வேலைக்குப் போகிறான் என்றால் அவனைக் கேட்காமலே சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். எங்கள் கடை கம்பெனி இல்லை, தனி ஆள் கடை. அந்த மாதிரிச் சாப்பாட்டுக் கடையில் வேலைக்காரர்களில் பாதிப்பேராவது ஒத்துக்கொண்டால்தான் முதலாளி எல்லாரையும் சேர்க்க முடியும். பாதி அவர் கட்டுவார், பாதி நம் சம்பளத்தில். ஒரு நாள் மதியம் கடையைச் சாத்திவிட்டு நிஷிமுரா சான் அடுப்படிக்கே வந்து கேட்டார். ஐந்து பேர் இருந்தோம். தந்தூர் அடுப்பைப் பார்த்துக்கொண்ட நேபாளத்துக்காரனும் டீ போடுகிற மலையாளியும் வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். நானும் பாத்திரம் கழுவுகிற பர்மாக்காரனும் சரி என்றோம். மிச்சம் வைரக்கண்ணு. அவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"கண்ணால பாக்காத காசு எனக்கு வேணாம்டா" என்றான். "நாலு காசு சேத்துக்கிட்டு ஊருக்குப் போயி பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு மெஸ்ஸு போடணும். அவ்வளவுதான் என் பென்ஷன்."

அன்றைக்கு நான் பேசின பேச்சை யாராவது பிடித்து வைத்திருக்க வேண்டும். நான் சொன்னேன், வைரம், இந்த ஊருக்கு மேலே மலை இருக்கே, அதன் உச்சியில் ஒரு கிழவர் இருக்கிறார், நூற்றுப் பத்து வயசு. வருஷா வருஷம் பென்ஷன் ஆபீஸ் அதிகாரி மலையேறிப் போவார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, இடுப்பு வரைக்கும் குனிந்து, 'மன்னிக்கணும், தாங்கள் இருக்கிறீர்களா?' என்று கேட்பார். கிழவர் உள்ளே இருந்து 'இருக்கேன்' என்பார். அதிகாரி இன்னொரு தடவை குனிந்துவிட்டு இறங்கிவிடுவார். இதுவரைக்கும் மூன்று அதிகாரி செத்தாயிற்று. கிழவர் இருக்கிறார்.

வைரக்கண்ணு வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். கண்ணில் தண்ணீர், வெங்காயமா சிரிப்பா தெரியாது.

"ஏண்டா, அந்தக் கிழவரு ஜப்பான்காரரா, நம்மள மாதிரி வெளியூரா?"

"நாகப்பட்டினம்" என்றேன்.

"எப்ப வரும் அந்தப் பணம்?"

"அறுபத்தஞ்சுல. இப்ப நமக்கு அம்பத்தஞ்சு முடிஞ்சிருக்கு. கண்ண மூடித் திறந்தா வந்துடும்."

கையைத் தூக்கிவிட்டான். நிஷிமுரா சானுக்கு அவ்வளவு சந்தோஷம், எங்கள் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். பாவம், அவருக்குத் தமிழ் தெரியாது.

என்ன சிரிக்கிறீர்கள்? உங்களுக்கு உடனே புரிந்துவிட்டதாக்கும். எங்களுக்குப் புரிய பத்து வருஷம் ஆயிற்று.

உடம்பில் இருக்கிற வயசு மனுஷனுக்கு மறக்குமா தம்பி? முழங்கால் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். காகிதத்தில் இருக்கிற வயசு வருஷத்துக்கு ஒரு தடவை, கேக் வெட்டுகிறபோதுதான் ஞாபகம் வரும். கேக்கைத் தின்றதும் அது மறந்துவிடும்.

இன்னொன்று. அப்போதெல்லாம் இருபத்தைந்து வருஷம் கட்டினால்தான் பென்ஷன் என்று சட்டம். அதை வைரக்கண்ணுவிடம் சொல்ல எனக்கு மறந்துவிட்டது. ஆனால் என் வாய் முகூர்த்தத்தைப் பாருங்கள், ஒன்பதாம் வருஷம் சட்டத்தையே மாற்றி, பத்து வருஷம் போதும் என்று ஆக்கினார்கள். அதற்கு யாராவது எனக்கு நன்றி சொன்னார்களா? இல்லை.

அதே ஒன்பதாம் வருஷம் வைரக்கண்ணு போதும்டா, ஊருக்குப் போகிறேன் என்று கிளம்பினான். பத்து நிறைவதற்குள் போகிற வெளிதேசத்துக்காரனுக்குக் கட்டினதில் ஒரு பங்கை மொத்தமாகத் திருப்பித் தருவார்கள். பத்து நிறைந்துவிட்டால் அந்தப் பேச்சு கிடையாது, வயசான பிறகு பென்ஷன்தான். அவன் இடமே பார்த்துவிட்டான், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பழைய சைக்கிள் கடை. அஞ்சம்மா அங்கே போய் அடுப்பு எங்கே, கை கழுவுகிற இடம் எங்கே என்று கரிக்கட்டியால் தரையில் கோடு போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

நான் விடவில்லை. "ஒரே ஒரு வருஷம்டா. மலைமேல இருக்கிற கிழவரை நினைச்சுப் பாரு" என்றேன். நினைத்துப் பார்த்தான். இருந்துவிட்டான். சைக்கிள் கடையை எவனோ செல்போன் விற்கிறவன் எடுத்துக்கொண்டான்.

பத்து வருஷம் முடிந்தது. எங்களுக்கும் அறுபத்தைந்து. இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு, பதினைந்தாம் தேதிக் கிழவர்கள் மாதிரியே துவைத்த சட்டை போட்டுக்கொண்டு பென்ஷன் ஆபீசுக்குப் போனோம். வைரக்கண்ணு தலையில் கம்பளித் தொப்பி. கவுண்டரில் ஒரு பெண், இருபத்தைந்து வயசு இருக்கும், அவ்வளவு மரியாதை. கம்ப்யூட்டரில் தட்டினாள். 'வாழ்த்துக்கள், பத்து வருஷம் நிறைந்துவிட்டது' என்றாள். இன்னும் தட்டினாள். 'உங்களுக்கு இப்போது ஐம்பத்தைந்து. இன்னும் பத்து வருஷம் இருக்கிறது, அதுவரை உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றாள்.

"என்னடா சொல்லுது பொண்ணு?" என்றான்.

"நாம இன்னும் சின்னப் பசங்களாம்டா" என்றேன்.

அவனுக்கு ஜப்பான் பாஷை சரியாக வராது. தொப்பியைக் கழற்றினான். தலையைக் கவுண்டருக்கு நேராகக் குனிந்து காட்டினான். சாயமெல்லாம் போய்ப் பஞ்சு மாதிரி இருந்தது தலை. நன்றாகப் பாரும்மா என்கிற மாதிரி அப்படியே நின்றான். அந்தப் பெண் தனக்கு மரியாதை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு, பதறி எழுந்து, அவனைவிடத் தாழ்வாகக் குனிந்துவிட்டாள். இவன் நிமிரட்டும் என்று அவள் இருக்கிறாள், அவள் பார்க்கட்டும் என்று இவன் இருக்கிறான். நான்தான் அவன் தோளைப் பிடித்து நிமிர்த்தினேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? எந்த வாயால் சொல்வது? அந்த வயசைக் காட்டித்தானே உள்ளே போனோம்.

திரும்பி வந்தோம். எனக்குப் பரவாயில்லை, பெண்சாதி போய் நாளாயிற்று, பிள்ளை குட்டி கிடையாது, எங்கே படுத்தாலும் தூக்கம் வரும். வைரக்கண்ணுவுக்கு அப்படியா? சம்பாதித்தது இரண்டு பெண்களின் கல்யாணத்தோடு போயிற்று. மறுபடி கல்யாண மண்டபத்துக்கு வேலைக்குப் போனான். எழுபது வயசில் பந்தியில் சாம்பார் வாளி தூக்கினான். பார்க்கிறபோதெல்லாம், 'கிழவரு எப்படிடா இருக்காரு?' என்று கேட்பான். 'நல்லா இருக்காரு, மலையில பனி' என்பேன். அவன் கேட்பதும் நான் சொல்வதும், அதில் ஒரு சுகம் இருந்தது எங்களுக்கு.

போன ஆவணியில் ஒரத்தநாட்டில் ஒரு மண்டபம். பருப்பு வேகட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தானாம். பருப்பு வெந்துவிட்டது. அவன் எழுந்திருக்கவில்லை.

ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். கண்ணீர் அஞ்சலி, வயது எழுபத்தொன்று. போஸ்டரில்தான் அவனுக்கு அவன் வயசு திரும்பக் கிடைத்தது. ஜப்பான் கணக்கில் அறுபத்தொன்று. நிஷிமுரா சான் மூலமாக விசாரித்தேன், பெண்சாதிக்கு ஏதாவது வருமா என்று. பத்து வருஷம் போதும் என்பது அவனுக்குத்தானாம், இப்படிச் செத்தால் பெண்சாதிக்கு வர, அவன் இருபத்தைந்து வருஷம் கட்டியிருக்க வேண்டுமாம். கட்டினது கட்டினதுதான். அஞ்சம்மாவுக்கு ஒரு காசு கிடையாது.

பதினாறாம் நாள் காரியத்தில், அவ்வளவு சனத்துக்கு மத்தியில், அவள் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். "அவருக்குக் கை தூக்கத் தெரியாதுண்ணே. நீங்கதானே தூக்க வெச்சீங்க." பாருங்கள் தம்பி, நியாயமா இது? கை அவன் கை. தூக்கினது அவன். நான் கதைதானே சொன்னேன்? துக்கத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். ஆனால் சொந்தக்காரன் எல்லாம் இலையிலிருந்து நிமிர்ந்து என்னையே பார்க்கிறான். சும்மா இருக்க முடியுமா? "தங்கச்சி, எனக்குப் பென்ஷன் வரட்டும், பாதி உனக்கு" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. சபையில் வந்த வார்த்தை, திரும்ப விழுங்க முடியாது.

அதிலிருந்து பிடித்தது சனியன். அஞ்சம்மா என்னை உள்ளே வா என்று கூப்பிடுவதில்லை, முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் நான் வாசலில் வந்து குரல் கொடுத்தால் உள்ளே இருந்து முதல் கேள்வி, "சக்கரை எவ்வளவு இருக்குண்ணே?" அடுத்தது, "கால் வீங்குதா?" பாகற்காயும் கேழ்வரகுக் கஞ்சியும் தூக்கில் வைத்து வாசலுக்கு வரும். கருவாடு தின்றேன் என்றால் எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிடும், அன்றைக்குக் கதவே திறக்காது. அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். அறுபத்தாறு வயசில் கயிறு கம்பெனிக்குப் போய்த் தேங்காய் நாருக்குள் நின்றுவிட்டு வந்து எனக்குக் கஞ்சி காய்ச்சுகிறாள் என்றால் எதற்கு? இன்னும் மூன்று வருஷம் நான் விழாமல் நிற்க வேண்டும். பால் கறக்கப் போகிற மாட்டைப் பார்த்துக்கொள்கிற மாதிரிப் பார்த்துக்கொள்கிறாள்.

மூன்று வருஷம் எதற்குக் காத்திருக்க வேண்டும், எனக்குத்தான் எழுபத்திரண்டு ஆகிவிட்டதே, வயசைத் திருத்திக் காட்டினால் இப்போதே வந்துவிடுமே என்று ஒரு வக்கீலைப் பார்த்தேன். கோர்ட்டுக்குப் போக வேண்டும், அதற்கு டாக்டர் எலும்பைப் பார்த்து எழுதித் தர வேண்டும் என்றார். கூடவே, "நீங்க கிழவருன்னு நிரூபிச்சா, பொய் சொல்லிப் போனவருன்னும் நிரூபணம் ஆயிடும். அப்புறம் அவன் குடுப்பானா மாட்டானா, எனக்குத் தெரியாது. பேசாம வீட்டுல இருங்க" என்றார்.

இருப்பேனா? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். இன்றைக்குக் காலையில்தான். எக்ஸ்ரே எடுத்தார்கள். சின்ன வயசு டாக்டரம்மா, கண்ணாடி போட்டவர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இருபத்தஞ்சு வயசுக்கு மேல எலும்பு துல்லியமாப் பேசாது அய்யா. அறுபதைத் தாண்டினவர்னு வேணா எழுதித் தரலாம்" என்றார்.

"அதைத்தான் பாஸ்போர்ட்டே சொல்லுதேம்மா" என்றேன்.

சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். போகிறபோது என் காலைப் பார்த்துவிட்டார். விரலால் அழுத்தினார், குழி விழுந்து அப்படியே நின்றது. ரத்தம் எடுக்கச் சொன்னார். மத்தியானம் வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மறுபடி கூப்பிட்டபோது அவர் சிரிக்கவில்லை. கிட்னி என்றார். வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும், இதயமும் சரியில்லை என்றார். "மூணு வருஷம் தாங்குமாம்மா?" என்று கேட்டேன். "கூட யாரும் வரலையா அய்யா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாததா.

அதோ பாப்பாநாட்டுப் பாலம் வந்துவிட்டது. நான் இங்கேதான் இறங்க வேண்டும், அஞ்சம்மா வீடு இங்கேதான். சேரலாமா வேண்டாமா என்று கேட்டீர்கள். சேரச் சொல்லுங்கள். நல்ல பணம்தான், கொடுக்கிறவர்கள்தான், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், மசால் தோசையும் லஸ்ஸியும். வயசு மட்டும் அம்மா பெற்ற வயசாக இருக்கட்டும்.

இப்போது நான் போய் வாசலில் குரல் கொடுப்பேன். "இருக்கீங்களாண்ணே?" என்பாள் உள்ளே இருந்து, இப்போதெல்லாம் அப்படித்தான் கேட்கிறாள். "இருக்கேன்" என்பேன். டாக்டர் எழுதித் தந்தாங்களா என்று கேட்பாள். எழுதித் தரவில்லை என்றால் ஏன் என்பாள். ஏதாவது சொல்ல வேண்டுமே. "டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பாத்து அசந்து போயிட்டாங்க தங்கச்சி. இது நாப்பத்தஞ்சு வயசு எலும்பு, எப்படி எழுபத்திரண்டுன்னு எழுதறதுன்னு கேட்டுட்டாங்க" என்று சொல்லப் போகிறேன். அவளுக்குக் கோபம் வரும். ஆனால் ராத்திரி தூங்குவாள்.

என்ன தம்பி, நாற்பத்தைந்து கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறதா? சரி, ஐம்பது என்று சொல்கிறேன். எங்கே, அந்தக் கையைக் கொஞ்சம் கொடுங்கள். படி உயரம்.